உங்க எச் இண்டெக்ஸ் எவ்வளவும்மா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தங்கை வந்தார். எங்கள் காலனியிலிருந்து மருத்துவம் படித்த முதல் பெண் அவர். எம்.டி. முடித்துவிட்டு, ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறார். அவர் வந்தால் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு விடமாட்டார்கள். அன்று அவர் யாரோடும் பேசவில்லை. கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "உங்க எச் இண்டெக்ஸ் வெறும் மூணுதானாம்மா? வெளிய உக்காந்திருக்கிறவருக்குப் பன்னிரண்டு." அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "கோட்டாவுல உள்ள வந்துட்டா போதும்னு இருந்துடக் கூடாது" என்றும் சொல்லியிருக்கிறார். தங்கைக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. எங்களுக்கும் வந்திருக்காது. சாதிச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றால் எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். எச் இண்டெக்ஸ் என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சமூகவியலில் முதுகலை வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அடுத்த மூன்று ஞாயிறுகளும் அவருடைய கட்டுரைப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தோழர்களே, நாளை உங்களையும் இந்தக் கேள்வி கேட்பார்கள் என்பதால், கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

2005ஆம் ஆண்டு ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் உருவாக்கிய கணக்கு இது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை, மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். அந்த மேற்கோளைத்தான் சைட்டேஷன் என்கிறார்கள். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது ஐந்து சைட்டேஷன் இருந்து, ஆறாவதற்கு ஆறு இல்லையென்றால், எச் இண்டெக்ஸ் ஐந்து. அவ்வளவுதான் விஷயம். காய்கறிக் கடைக் கணக்கைவிடக் கடினமில்லை.

தங்கையின் 11 கட்டுரைகளையும் கரும்பலகையில் எழுதினோம். 41, 22, 14, 9, 6, 5, 3, 1, 1, 0, 0. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் எழுந்து கேட்டான்: "அஞ்சுதானே வருது, ஏன் மூணுன்னாங்க?"

அவன் கேட்டது சரி. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தோம். ஸ்கோப்பஸில் நம் தங்கை இரண்டு பேராக இருந்தார்! சில கட்டுரைகளில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பாவின் முழுப்பெயரைப் பின்னால் போட்டிருக்கிறார். வெளிநாட்டு இயந்திரத்துக்கு இனிஷியல் புரியாது. பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயரை அது எதிர்பார்க்கிறது. சாதிப் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளாத ஊர் நம்முடையது. அதற்கு இப்படியும் ஒரு விலை. ஒரு பக்கத்தில் 41, 14, 6, 3, 1, 0. இன்னொரு பக்கத்தில் 22, 9, 5, 1, 0. கணக்குப் போட்டுப் பாருங்கள், தனித்தனியாக இரண்டுக்குமே மூன்றுதான் வரும். நேர்காணலில் இருந்தவர் அதில் ஒன்றை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறார்.

இரண்டு பக்கங்களையும் சேர்க்கச் சொல்லி ஸ்கோப்பஸுக்கே விண்ணப்பம் அனுப்பலாம், அனுப்பினோம். 2012இலிருந்து ஆர்கிட் என்ற இலவச அடையாள எண் இருக்கிறது. முதல் கட்டுரை எழுதும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எப்படி எழுதினாலும் அந்த எண் மாறாது.

காலக் கணக்கையும் யாரும் கேட்கவில்லை. இந்த எண் ஏறும், இறங்காது. ஆளே இறந்துபோனாலும் ஏறும். அதனால்தான் அதை முதல் கட்டுரை வெளிவந்த பிறகான ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் வழியை ஹிர்ஷே அதே கட்டுரையில் கொடுத்தார். பன்னிரண்டு வைத்திருந்தவர் 14 ஆண்டுகளாக எழுதுகிறார்: 0.86. தங்கை 7 ஆண்டுகளாக: 0.71. மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தெரிந்த இடைவெளி எங்கே போயிற்று என்று நாங்களே தேடினோம்.

அந்தப் பன்னிரண்டு எப்படி வந்தது என்றும் பார்த்தோம். அவருடைய கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன. கட்டுரையாளராகப் பெயர் போட, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். துறைத் தலைவராக இருப்பது அந்த நான்கில் இல்லை. நடைமுறை என்னவென்று படிப்பவர்களுக்குத் தெரியும். யாரோடு சேர்ந்து டீ குடிக்கிறோம், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்பதும் சேர்ந்துதான் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. தங்கையின் பெயரையோ, 41 சைட்டேஷன் உள்ள கட்டுரையில் அவர் எழுதிய பகுதியே அதிகம் என்றாலும், நான்காவதாகப் போட்டார்கள்.

அந்தப் பதினொன்றில் சேராத பன்னிரண்டாவது கட்டுரை ஒன்றும் இருக்கிறது. நகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் நுரையீரலையும் தோலையும் பற்றியது. எங்கள் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய், வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். சிறிய இதழில் வந்தது. அந்த இதழ் ஸ்கோப்பஸ் பட்டியலில் இல்லை. கட்டுரையின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். கம்பூட்ஸும் கையுறையும் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அரசு ஆணையில் 'மேற்கண்ட ஆய்வின்படி' என்று வந்தாலும் அது சைட்டேஷன் ஆகாது. அந்தக் கட்டுரையில் எங்கள் பிள்ளைகளின் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரியில்தான் இருக்கிறது. தகவல் திரட்டியது மட்டும் போதாது என்று மேலே சொன்ன அதே நான்கு நிபந்தனைகள் சொல்கின்றன. தங்கைக்கு அதில் சங்கடம்தான். எங்களுக்கும் முழுச் சமாதானம் இல்லை. அடுத்த ஆய்வில் அவர்களும் உட்கார்ந்து எழுதுவது என்று பேசியிருக்கிறோம்.

எம்.ஏ.வில் ராபர்ட் மெர்ட்டனைப் படித்தோம். பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் என்பதை 'மத்தேயு விளைவு' என்று 1968இல் எழுதினார் அவர். அன்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இன்றுதான் விளங்குகிறது. இந்தியாவில் 579 மருத்துவ நிறுவனங்களின் 2005 முதல் 2014 வரையான ஆய்வு வெளியீடுகளைச் சமீரன் நந்தி உள்ளிட்ட மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டும். மொத்தக் கட்டுரைகளில் 40 சதவீதம் அந்த 25இலிருந்து வந்தது. ஆய்வுக்கூடமும் நிதியும் புள்ளியியல் தெரிந்த ஆளும் அங்கே இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலை பார்ப்பது வேறு மாதிரிக் கல்லூரிகளில்.

எண் தாமதமாகவும் வரும். கல்கத்தாவின் சம்புநாத் டே, காலரா கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். குடலில் நீர் கோத்தது. ஆளைக் கொல்லும் பேதி கிருமி சுரக்கும் நஞ்சால் வருகிறது என்று 1959இல் நேச்சர் இதழில் எழுதினார். 1884இல் கல்கத்தாவில் காலரா கிருமியை ஆராய்ந்த ராபர்ட் கோக் ஊகித்து வைத்ததற்கு முக்கால் நூற்றாண்டு கழித்துச் சான்று கிடைத்தது. தொடக்கத்தில் அந்தக் கட்டுரையை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. டே 1985இல் இறந்தார். அதுவரை இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு அந்தக் கட்டுரையின் தாக்கத்தைச் சைட்டேஷன் வரைபடம் போட்டு விளக்கி எழுதியவர் யூஜின் கார்ஃபீல்ட். சைட்டேஷன் அட்டவணையையே தொடங்கிய மனிதர் அவர்! இதைச் சாதிக் கதையாக நாங்கள் சொல்லவில்லை. 1965இல் டேயை யாராவது நேர்காணல் செய்திருந்தால் கையிலிருக்கும் தாள் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம்.

புகழ்ந்தாலும் திட்டினாலும் கணக்கில் ஒன்றுதான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் தோழர் ஒருவர், "அப்ப இந்த எண்ணே வேணாம்னு போராடுவோம்" என்றார். அன்று ராத்திரி பத்து மணிவரை சண்டை. உலகத்தில் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடித் தயாரித்த பிரகடனம், இதழின் மதிப்பெண்ணைப் பார்த்து ஆளை எடைபோடாதே, கட்டுரையைப் படி என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் படிக்கப்போவது யார்? எண்ணை எடுத்துவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருப்பது அதே ஐந்து பேரின் 'அபிப்பிராயம்'. தோரட் குழு 2007இல் டெல்லி எய்ம்ஸ் பற்றிக் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு இருப்பதாக எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. எழுத்துத் தேர்வில் பெயரை மறைக்கலாம். எதிரே உட்காரும்போது மறைக்க முடியாது. அதனால் எங்களில் பெரும்பான்மையினர் நிற்கும் இடம் இது: எண் வேண்டும். தப்பாக எடுத்த எண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்கவும் தெரிய வேண்டும். நாலு பேருக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. அவர்கள் தனியாக எழுதுவார்கள்.

போன வாரம் ஸ்கோப்பஸிலிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கங்களும் ஒன்றாகிவிட்டன. எச் இண்டெக்ஸ் 5, மொத்தச் சைட்டேஷன் 102. பத்தாம் வகுப்புப் பையன் கூட்டிப் பார்த்துச் சரி என்றான். அடுத்த நேர்காணல் தேதி இன்னும் வரவில்லை. தங்கை ஒரு கோப்பு தயார் செய்திருக்கிறார். மேலே ஸ்கோப்பஸ் தாள், அடுத்து ஒவ்வொரு கட்டுரையிலும் தான் செய்த வேலை என்னவென்று இரண்டிரண்டு வரி. அடியில் பன்னிரண்டாவது கட்டுரையும், நகராட்சி போட்ட ஆணையின் நகலும்.