எங்கள் வீட்டுப் புத்தக இறாக்கை

மாணவர்களே,

"எங்கள் வீட்டு நூலகம்" என்பது கட்டுரைப் பயிற்சிகளில் அடிக்கடி இடம்பெறும் தலைப்பு. இத்தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு விடயத்தைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலான கட்டுரைகளில் தேக்கு மர அலுமாரி ஒன்று நிற்கிறது. அதற்குக் கண்ணாடிக் கதவு உண்டு. பக்கத்தில் சாய்வு நாற்காலியும் மின்விசிறியும் இருக்கின்றன. எழுதியவரோ தோட்டத்து லயத்திலிருந்து பாடசாலைக்கு வருபவர். தாம் ஒருநாளும் குடியிராத வீட்டைப் பற்றி எழுதுவதால், இரண்டாம் பந்தியோடு அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமற் போகிறது. புத்தகங்கள் நமது நண்பர்கள் என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடுகிறார்.

ஆகவே நான் வளர்ந்த வீட்டின் இறாக்கையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இதனை மனனம் செய்ய வேண்டாம். வாசித்தபின் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

எங்கள் வீடு ரம்புக்கனைக்கு அண்மையில் உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில் இருந்தது. முன்னால் இஸ்தோப்பு, நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, பின்னால் குசினி. இதற்குள் அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, நான், தம்பி என ஆறு பேர். அப்பா பால் வெட்டுபவர். 1990களின் தொடக்கம் வரை எங்கள் புத்தகங்கள் சாக்குக்கட்டிலின் கீழே ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. ஒரு கொப்பியை எடுக்க வேண்டுமானால் கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். அப்பாயி எழும்பமாட்டார். வீட்டுவேலை செய்யாமற் போனதற்கு இது நல்ல சாட்டு என்பது உண்மைதான். ஆசிரியர் அதை நம்பியதில்லை.

இறாக்கை செய்வதற்குத் தோட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். இறப்பர் மரம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பால் குறைந்து, வெட்டி மீள்நடுகை செய்யப்படும். அம்மரத்தை வீட்டுக்கு வீடு விறகாக எரிப்பார்கள். ஆனால் பதப்படுத்தாத இறப்பர்ப் பலகையில் மாச்சத்து அதிகம். துளைக்கும் வண்டுகள் விரைவில் புகுந்துவிடும். பலகையின் அடியில் மாவு போலத் தூள் கொட்டத் தொடங்கும். தொழிற்சாலைகளில் போரன் சேர்ந்த இரசாயனக் கரைசலை ஏற்றிய பின்பே அம்மரத்தில் தளபாடம் செய்கிறார்கள். தோட்டத்துத் தச்சர் இதை அறிந்தவர். ரம்புக்கனைப் பக்கத்துக் கிராமமொன்றில் வீடு உடைத்தபோது கழற்றிய பலா மரக் கதவு ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்தார். பலா உறுதியான மரம். கேகாலை மாவட்டத்தின் பழைய வீடுகளில் கதவும் நிலையும் பெரும்பாலும் பலாவினாலேயே செய்யப்பட்டிருக்கும். அந்த ஒரு கதவிலிருந்து நான்கு தட்டுகள் கிடைத்தன. தட்டு ஒன்றில் பழைய சாவித் துவாரம் அப்படியே இருந்தது. தம்பி அதற்குள் பென்சில் செருகி வைப்பான்.

அடுத்து, அதனை எந்தச் சுவரோடு வைப்பது என்ற கேள்வி எழுந்தது. நமது மாவட்டம் ஈர வலயத்தில் உள்ளது. மழைக்காலத்தில் வெளிச்சுவர் நிலத்திலிருந்து நீரை உறிஞ்சிக் கையளவு உயரத்துக்குக் கறுத்துப்போகும். அதிலே சாய்த்து வைத்த புத்தகத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் படரும். எனவே பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான உட்சுவரின் பக்கமாக, சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இறாக்கையை நிறுத்தினோம். அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும். கறையான் ஏறாதிருக்க நான்கு கால்களையும் பால்மா டின் மூடிகளில் வைத்து, சிறிது கழிவு எண்ணெய் ஊற்றினார் அப்பா. தண்ணீர் ஊற்றுவோரும் உண்டு. இப்போது அப்படிச் செய்யாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு மூடித் தண்ணீர் போதும்.

இராமபாணம் எனப்படும் வெள்ளிநிறப் பூச்சி வேறு வழியில் வரும். அது மாச்சத்தைத் தேடித் தின்பது. நாங்கள் புத்தக உறைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வந்தோம். அதாவது, பூச்சிக்குச் சோறு வைத்துத்தான் புத்தகத்தை அடுக்கினோம்! விஞ்ஞான ஆசிரியர் இதனை விளக்கிய பின் அம்மா உறைகளை மடித்துச் செருகப் பழகினார். யாழ்ப்பாணத்தவர் புத்தகத்துக்குள் வேப்பிலை வைப்பர். நமது பக்கத்தில் வேம்பைக் காண்பது அரிது. மாதத்துக்கொரு முறை எல்லாவற்றையும் இறக்கி, வெயிலில் அல்ல, நிழலில் காற்றாட விரித்துத் தட்டித் துடைப்பதே நாங்கள் கண்ட சிறந்த மருந்து.

மேல்தட்டு அப்பாயிக்கு உரியது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அங்கே புத்தகமும் இல்லை. ஒரு பொலித்தீன் உறைக்குள் வீட்டின் கடதாசிகள் இருந்தன: பிறப்புச் சான்றிதழ்கள், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய சம்பளத் துண்டுகள். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. "தண்ணி படாத எடத்துல வையுங்கய்யா. தாள் இல்லாட்டி நம்மள ஊரு பேரு தெரியாதும்பாங்க" என்பார்.

வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் ஒரு விடயத்தை அப்பாயி தம் வாழ்க்கையில் கண்டிருந்தார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் தொடர்ந்து வதிந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. கூரை ஒழுகும் லயத்தில் எத்தனை குடும்பங்களிடம் பத்து வருடக் கடதாசி இருந்திருக்கும்? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அப்பாயியின் உடன்பிறந்தவர்கள் தலைமன்னார் வழியாகக் கப்பலேறிப் போனார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்கான சட்டமொன்று 2003இலும் நிறைவேற்றப்பட்டது.

அந்த உறையின் பெறுமதியை நான் உணர்ந்தது அக்கா பதினோராம் தரத்துக்கு வந்த ஆண்டில். பரீட்சைக்குத் தோற்ற அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பாடசாலையில் கேட்ட மறுநாளே அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் லயத்தில் வேறொரு பையனின் சான்றிதழ் அட்டலில் சீமெந்துப் பைக்குள் இருந்து கறையானுக்கு இரையாகிவிட்டது. பிறந்த திகதிகூட அவன் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரதி எடுப்பதற்காக அவனுடைய தாய் பல நாள் கூலியை இழந்து கேகாலைக்கு அலைந்தார். அவன் அவ்வருடம் பரீட்சை எழுதவில்லை. பின்னரும் எழுதவில்லை.

இனி ஏனைய தட்டுகளை ஒழுங்குபடுத்திய முறையைச் சொல்கிறேன். பாடசாலை நூலகத்தில் முதுகில் எண் எழுதிய நூல்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறை அது. 500 என்றால் விஞ்ஞானம், 800 என்றால் இலக்கியம், 900 என்றால் வரலாறும் புவியியலும். தமிழகத்தின் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தபோது, நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை முதலாவதாக வைத்தார். முப்பது நாற்பது புத்தகமுள்ள வீட்டுக்கு டூயியின் எண்கள் தேவையில்லை. இரங்கநாதனின் முதல் விதி கட்டாயம் தேவை.

எங்கள் வீட்டில் அதனைச் செய்துகாட்டியவர் அம்மா. கீழ்த்தட்டு தம்பிக்கு, அவன் உயரம் அவ்வளவுதான். அதற்கு மேலுள்ள தட்டு எனக்கு. அதற்கும் மேலே, குப்பி விளக்கின் வெளிச்சம் நேரே விழும் தட்டை நடுத்தட்டு என்போம். அது அவ்வருடம் யாருக்குப் பரீட்சையோ அவருக்கு. மற்றவர் யாரும் அதில் எதையும் வைக்கக் கூடாது. அதுவரை அங்கே இருந்த அப்பாவின் வானொலிப் பெட்டி குசினிப் பக்கம் மாற்றப்பட்டது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்.

அக்கா பத்தாம் தரத்தில் இருந்தபோது உறவினர் ஒருவர் வந்தார். கொழும்பில் ஒரு நல்ல வீடு இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், மாதம் பிறந்தால் காசு வரும் என்றார். எங்கள் லயத்திலிருந்து அக்காவின் வயதுப் பிள்ளைகள் அப்படிப் போயிருந்தார்கள். வீட்டில் கடனும் இருந்தது. அப்பா பேசாமல் இருந்தார். அம்மா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "அடுத்த வருஷத்துக்கு நடுத்தட்ட அவளுக்கு வச்சாச்சுண்ணே. சோதனைய எழுதட்டும்" என்றார். இறாக்கையில் ஓர் இடம் ஒதுக்கியிருப்பது ஒரு காரணமா என்று அந்த உறவினர் சிரித்தார். ஆனால் அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.

அக்கா முதற்தடவையில் கணிதத்தில் சித்தியடையவில்லை. நடுத்தட்டு இன்னொரு வருடமும் அவரிடமே இருந்தது. கடந்தகால வினாத்தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கி நூலால் கட்டி வைத்திருந்தார். எந்த அலகு விளங்கவில்லையோ அந்தப் பக்கத்தில் சேலைக் கரைத் துண்டொன்று தொங்கும். துண்டுகள் குறைந்து வருவதை நாங்கள் எண்ணிப் பார்ப்போம். இரண்டாம் தடவையில் சாதாரண சித்தி கிடைத்தது. இன்று ஒரு தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு.

அலங்காரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தம்பி கோபிப்பான். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இறாக்கைக்கும் புதுக்கோலம் உண்டு. ஞாயிறு வீரகேசரியை நீளமாக மடித்து, முக்கோணம் முக்கோணமாக வெட்டி, தட்டின் விளிம்பில் தோரணமாகத் தொங்கவிடுவோம். பழைய கலண்டரின் படப்பக்கம் உள்ளேயும் வெள்ளைப் பக்கம் வெளியேயுமாக உறை போடுவோம். அதில் நூலின் பெயரை எழுதுவது கையெழுத்து அழகாயுள்ள அக்காவின் பொறுப்பு. வண்ணத்துக்கேற்ப அல்லது உயரத்துக்கேற்ப அடுக்கினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விளக்கு மங்கலாக எரியும் வேளையில் தேடுபவருக்கு அது இடைஞ்சல். பின்னவலை யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கப்பட்டதும் எங்கள் பக்கத்தில்தான். அங்கே பிற்காலத்தில் யானைச் சாணத்தின் நார்களிலிருந்து கடதாசி செய்து விற்கத் தொடங்கினார்கள். தம்பி அதில் ஓர் அட்டை வாங்கிவந்து பக்க அடையாளமாக வைத்தான். அதை அப்பாயியின் மேல்தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இறாக்கை நிமிர்ந்து நின்றபின் லயத்துப் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வரத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் அடங்கிய புத்தகங்கள் வெளியே போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்போது பாடசாலையில் ஒரு ஆசிரியர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைச் சொன்னார். கே. எம். செல்லப்பா என்பவர் 1933இல் தமது வீட்டில் வைத்தே ஊரவருக்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது நூலகமாயிற்று. 1981 ஜூன் முதலாம் திகதி இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே இருந்தன. அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சரி, எழுதி வச்சிக்கிட்டுக் குடு" என்றார்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்றை அதற்கென ஒதுக்கினோம். திகதி, நூலின் பெயர், கொண்டுபோனவர், திருப்பித் தந்த திகதி என நான்கு நிரல்கள். உங்கள் வீட்டிலும் இப்படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கும்போது சண்டை வராது. எங்கள் கொப்பியில் கடைசி நிரல் வெறுமையாக உள்ள வரிகளும் பல. அவற்றுள் ஒன்று தோட்ட வாழ்வைச் சொல்லும் கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை". பால் வெட்டும் ஓர் அக்கா கொண்டுபோன நூல் அது. திரும்ப வராது என்று கைவிட்டிருந்தோம். நான்கு வருடங்களின் பின், எங்கள் லயத்தவரல்லாத ஒரு சிறுமி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரிந்திருந்த முதுகு தடித்த நூலால் தைக்கப்பட்டு, புதிய மண்ணிறக் கடதாசியில் உறை போடப்பட்டிருந்தது. உள்ளட்டையில் எங்கள் பெயரின் கீழே வெவ்வேறு கையெழுத்தில் இன்னும் ஏழு பெயர்கள் இருந்தன.