காடு என்னும் சொல்லின் எல்லை

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது காடாகவோ மரப்போர்வையாகவோ இருக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வகுத்த இலக்கு. அப்பரப்பு 25.17 விழுக்காடு என்கிறது 2023ஆம் ஆண்டுக்கான இந்திய வனநிலை அறிக்கை. இந்த எண்ணை மதிப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே காடு என எண்ணப்படுவது எது?

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 விழுக்காடேனும் கவிந்திருந்தால், அவ்வறிக்கையின் வரையறைப்படி அது வனப்பரப்பு. நிலத்தின் உடைமையோ மரத்தின் இனமோ பொருட்டில்லை. ஆகவே தைலமரத் தோட்டமும் தொன்மையான சோலைக்காடும் ஒரே கணக்கில் சேர்கின்றன. மரமற்ற புல்வெளிக்கு அக்கணக்கில் இடமில்லை. அரசின் தரிசுநிலப் பட்டியல்களிலேயே புல்வெளிகள் பலவற்றைக் காண்கிறோம்.

இதன் விளைவைக் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பன்னிப் புல்வெளி காட்டுகிறது. உப்புப் பாலை பரவுவதைத் தடுக்கும் நோக்கில் 1960களில் வனத்துறை அங்கே ஓர் அயல்மரத்தை நட்டது. தமிழகம் சீமைக்கருவேலம் என்று அறிந்திருக்கும் அதே மரம். அது புல்வெளியின் பெரும்பகுதியில் படர்ந்தது. எருமையும் பசுவும் மேய்த்து வாழும் மால்தாரிகளின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. செயற்கைக்கோள் படத்தில் அதுவும் மரப்பசுமையே. அம்மரத்திற்கு அங்கே வழங்கும் பெயர் 'காண்டோ பாவள்', அதாவது பித்துப்பிடித்த வேலமரம். அதன் கட்டற்ற பரவலைப் பற்றிய மதிப்பீடு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இத்தகைய அறிவைத் திரட்டுவதற்கான வழி சட்டத்திலேயே உள்ளது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ், உள்ளாட்சிதோறும் அமையும் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். புல்லின் பெயர், அது முளைக்கும் பருவம், அதை உண்ணும் கால்நடை ஆகியவற்றுக்கெல்லாம் அதில் இடமுண்டு. 2024இல் புதுப்பிக்கப்பட்ட தேசியப் பல்லுயிர்ச் செயல்திட்டம் 23 இலக்குகளை முன்வைக்கிறது. சீரழிந்த நிலங்களை மீட்பதும் அவற்றில் அடங்கும். மீட்பு என்பதை நட்ட மரங்களின் எண்ணிக்கையால் அளந்தால், பன்னியில் நிகழ்ந்தது வேறு புல்வெளிகளிலும் நிகழும். ஏட்டில் அது வெற்றியாகவும் பதிவாகும்.

'காடு' என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒரு சொல்லின் பொருள் பெருநிலப்பரப்புகளுக்குச் சட்டக் காப்பாயிற்று. புல்வெளிக்கும் அவ்வாறு தனக்கெனப் பெயரும் வகைப்பாடும் வேண்டும். மரம் நட இடம் தேர்வதற்கு முன் அவ்வூர்ப் பதிவேட்டைப் படிப்பதைத் திட்டத்தின் முதல் படியாக்கலாம்.