அழிவதற்குள் ஒரு படி எடுத்து வையுங்கள்



அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய ஸ்லாட் மெஷின்களைச் சரி செய்பவர். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் சுற்றி நிற்குமே, அந்தச் சூதாட்டப் பெட்டிதான். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்க, நம்ம சாருக்கு அங்கே என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நான் உட்கார்ந்து பார்த்தது சிப் மாற்றும் வேலையை.

1980களில் வந்த இந்தப் பெட்டிகளுக்குள் ஈபிராம் என்ற சிப் இருக்கும். எந்தப் படம் வந்தால் எவ்வளவு காசு தரவேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான். இதை 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கினார். முதல் சிப்பின் கொள்ளளவு வெறும் 256 பைட். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகப் புற ஊதாக் கதிரை இருபது நிமிடம் போலச் செலுத்தினால் எழுதியது முழுக்க அழிந்துவிடும். வெயில் பட்டாலும் நாளடைவில் அழியும். அதனால்தான் ஜன்னல் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மூடி வைப்பார்கள்.

உள்ளே எழுத்து என்பது சிறைப்பட்ட மின்னேற்றம்தான். மண்பானையில் நீர் கசிவதுபோல அது பல ஆண்டுகளில் மெல்ல வெளியேறும். அப்போது 0 என்று இருந்த இடம் 1 என்று மாறிவிடும். ஓர் எழுத்து பிசகினாலும், பெட்டியைப் போட்டவுடன் அது தன் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்து, விடை தவறு என்று ஓடாமல் நின்றுவிடும்.

பெரியவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக இரும்புச் சட்டத்தைத் தொட்டார். சிப்பின் ஒரு முனையிலுள்ள பள்ளம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, கால்கள் வளையாமல் இரு பக்கமும் மாறி மாறி நெம்பி எடுத்தார். அதைக் கணினியில் படித்துப் படியெடுத்து, கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, புதுச் சிப்பில் எழுதிப் பொருத்தினார். பள்ளத்தின் திசை மாறிப் பொருத்தினால் சிப் கருகிவிடுமாம்.

"பழசு நன்றாக இருக்கும்போதே படியெடுக்க வேண்டும். கெட்ட பிறகு, அதே மாதிரிப் பெட்டி வேறு யாரிடமாவது இருந்தால்தான் உண்டு" என்றார்.

எனக்கு உடனே என் அம்மா நினைவுக்கு வந்தார். அவர் பாடிய தாலாட்டு ஒரு மெமரி கார்டில் மட்டும்தான் இருக்கிறது. கார்டும் பென் டிரைவும் இதே முறையில்தான், மின்னேற்றத்தைப் பிடித்து வைத்தே, நினைவு வைத்திருக்கின்றன. அம்மாவுக்கு இணையாக வேறொரு பெட்டி எங்கே கிடைக்கும்? ஊர் திரும்பிய மறுநாளே இரண்டு இடங்களில் படியெடுத்து, ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டவள் வெகுநேரம் பேசவே இல்லை.

பிள்ளைகளே, கல்யாண வீடியோ, அப்பாவின் குரல், தாத்தாவின் பேச்சு எல்லாம் பீரோவில் பத்திரமாக இருப்பதாக நினைக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு படி எடுங்கள். இரண்டு வீட்டில் வையுங்கள். இது உங்கள் சார் கொடுக்கும் வீட்டுப்பாடம்.