பிக்கப் டிரக்கும் டீசல் கசிவும்

காலையில் வண்டியை வெளியே எடுத்த பிறகு தரையைப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. தொட்டு மோந்தால் டீசல் வாசனை. அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. வைக்கோல் கட்டு ஏற்றுவது, குதிரை டிரெய்லர் இழுப்பது, வெல்டிங் மிஷினைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வேலைக்குப் போவது என்று அங்கே பலருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்றால் இரண்டு நாள் வரும்படி போச்சு. அதனால் கறையைப் பார்த்ததும் மனதில் முதலில் எழுவது "எவ்வளவு செலவு வைக்கும்?" என்ற கேள்விதான். "எங்கே கசிகிறது?" என்பது அப்புறம்தான் வரும். வரிசை மாறிப்போவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

ஃபோர்டு பிக்கப்புகளில் 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். நேவிஸ்டார் நிறுவனம் செய்துகொடுத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. நான்கு நான்காக இரண்டு வரிசை சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு பள்ளம். டீசல் ஃபில்டர் கிண்ணம் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்தில். கிண்ணத்தில் சேரும் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு, அதற்குள் சின்னச் சின்ன ஓ-ரிங்குகள். வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து அந்த ரப்பர் இறுகிப்போனால் டீசல் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். கசிந்தது பள்ளத்தில் தேங்கும், எஞ்சினின் பின்பக்கமாக வழியும், கடைசியில் கியர்பாக்ஸ் வந்து சேரும் இடத்தில் சொட்டும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தக் கடைசிச் சொட்டு மட்டுமே. வழியில் இருந்த பழைய ஆயில் அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு வருவதால் அது கறுப்பாகவும் இருக்கும். அதே இடத்தில்தான் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலும் இருக்கிறது. அப்புறம் என்ன, "பின் சீல் போச்சு" என்று தீர்ப்பு எழுதியாகிவிடும். அந்த சீலை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பெரிய வேலை, பெரிய கூலி. எல்லாம் மாட்டி முடித்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு! தேவைப்பட்டதோ சில டாலர் விலையுள்ள ஓ-ரிங் செட்.

கசிவைத் தேடுவதற்கு அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டியிருக்கிறது. முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இதுதான். அழுக்கின் மேல் கசிவைத் தேடினால் எல்லா இடமும் கசிவதுபோலத்தான் தெரியும். காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஈரம் முதலில் பட்ட இடம் கோடு போட்டுக் காட்டிவிடும். இன்னும் வசதியுள்ள ஷெட்களில் டீசலில் சாயம் கலந்து புற ஊதா விளக்கடித்துப் பார்க்கிறார்கள். எப்படியானாலும் ஒரு கணக்கு மாறாது. டீசல் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே கசியும் இடம் பெரும்பாலும் சொட்டுக்கு மேலேயும் முன்னேயும்தான் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது டீசல் பைப்பைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. காமன் ரெயில் எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் பீச்சல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்தினாற்போல் புள்ளி. முதலில் வலிகூடப் பெரிதாக இராது. "சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போனவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய காயம் அது. சோதிப்பதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். அட்டை நனைந்தால் கசிவு. தீயும் ஒரு பயம்தான். தரையில் கொட்டிய டீசல் சட்டென்று பற்றாது, ஆனால் புகைபோலத் தெறிக்கும் டீசல் சூடான டர்போவின் மேல் பட்டால் கதை வேறு.

சொட்டாத கசிவும் உண்டு. டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் 12 வால்வு மாடலில் டீசலை டேங்கிலிருந்து உறிஞ்சும் பம்ப், எஞ்சின் மேலேயே இருக்கும். அதாவது டேங்க் முதல் பம்ப் வரை உள்ள பைப் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் ஹோஸில் வெடிப்பு விட்டால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. நம்மூர் லாரி டிரைவர்களுக்கு "ஏர் எடுக்குது" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்! அந்த ஊரில் பலர் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள், அப்புறம் ஸ்டார்ட்டரை, அப்புறம் பம்பை. பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடிபோன்ற டியூபை இடையில் மாட்டி ஓடவிட்டால், குமிழிகள் வருவது பளிச்சென்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது பெரும்பாலும் எஞ்சினின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் இரண்டு சிறிய ஹோஸ்கள்தான்.

ரப்பர் ஏன் இப்படிக் கைவிடுகிறது என்பது சுவாரசியமான விஷயம். வயதும் சூடும் காரணம்தான், ஆனால் எரிபொருளுக்கும் பங்குண்டு. பழைய டீசலில் அரோமாட்டிக் சேர்மங்கள் அதிகம். நைட்ரைல் ரப்பர் அவற்றை உறிஞ்சிச் சற்று ஊதி, இடுக்கை இறுக அடைத்துக்கொண்டிருக்கும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தது. அதைச் சுத்திகரிக்கும் முறையில் அரோமாட்டிக்கும் குறைந்துபோனது. ஊதியிருந்த பழைய ரிங்குகள் சுருங்கின. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டிகள் கசிந்தன. வேடிக்கை என்னவென்றால் புது ரிங் போட்டவர்களுக்கு அதே டீசலில் ஒரு பிரச்சினையும் இல்லை. 2006இல் கந்தகத்தை 15 பி.பி.எம்.முக்கு இறக்கியபோதும் பழைய வண்டிக்காரர்களுக்கு அதே பயம் திரும்ப வந்தது. இப்போது ரிங் மாற்றுபவர்கள் அதிக விலை கொடுத்தாலும் வைட்டான் ரப்பரையே கேட்டு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

கசிவை அடைக்கும் வேலையிலேயே புதிய கசிவை உண்டாக்குபவர்களும் இருக்கிறார்கள். செப்பு வாஷர் உட்காரும் போல்ட் கசிகிறது என்றால் இன்னும் ஒரு சுற்று முறுக்குவது முதல் தவறு. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் படியாது, போல்ட்தான் உடையும். புது வாஷர் போட வேண்டும். அவசரமென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி மிருதுவாகும். இரண்டாவது தவறு, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை டீசல் பைப் மரையில் சுற்றுவது. அதன் இழை ஒன்று பிய்ந்து உள்ளே போனால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். பத்து ரூபாய் டேப், ஆயிரக்கணக்கில் செலவு.

எஞ்சின் நின்றுபோனால் எல்லாமே டீசல் குற்றமும் அல்ல. அதே 7.3 எஞ்சினில் கேம் ஷாஃப்ட் சென்சார் என்று ஒரு சின்னப் பொருள். அது போனால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் அணைந்துவிடும். இதற்காக ஃபோர்டு 2007இல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அனுபவசாலிகள் ஒரு உபரி சென்சாரையும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரையும் டாஷ்போர்டுப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பார்கள். ஃபில்டர் கிண்ணத்துக்குள் டீசலைச் சூடாக்கும் ஹீட்டர் ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போய், அதே ஃபியூஸில் இருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டரும் படுத்துவிடும். ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபியூஸை மாற்றினால் வண்டி கிளம்பிவிடும். இந்த எஞ்சினில் இன்ஜெக்டரை அழுத்துவதே எஞ்சின் ஆயில்தான் என்பதால் ஆயில் அளவு இறங்கினாலும் ஸ்டார்ட் ஆகாது. டீசல் வரவில்லையென்று பம்பைக் கழற்றுபவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பது உத்தமம்.

ஆயில் குச்சி சொல்லும் இன்னொரு சேதிதான் ரொம்பக் கொடுமையானது. 2001 முதல் 2004 வரை வந்த ஜி.எம். டியூராமேக்ஸின் முதல் மாடலில் இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்கு உள்ளே இருந்தன. அவற்றின் உடலில் கீறல் விழுந்தால் டீசல் தரையில் சொட்டாது. நேராக எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். வெளியே ஒரு துளி ஈரமில்லை. ஐட்லிங்கில் வெள்ளைப் புகை, ஆயில் ஊற்றாமலேயே குச்சியில் மட்டம் ஏறுவது, ஆயிலில் டீசல் வாசனை, இவைதான் அடையாளம். "ஆயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின்" என்று மகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள்! நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தேயும். ஜி.எம். அந்த இன்ஜெக்டர்களுக்கு 7 ஆண்டு அல்லது 200,000 மைல் என்று உத்தரவாதத்தை நீட்டியது. அடுத்த மாடலில் இன்ஜெக்டரை மூடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதைவிட மோசமாகப் பேர் வாங்கியது பாஷ் நிறுவனத்தின் சிபி4 பம்ப். 2011 முதல் ஃபோர்டிலும் ஜி.எம்.மிலும் வந்தது. தேய்ந்து போனால் இரும்புத் துகள் டீசலோடு இன்ஜெக்டர் வரை பரவும். பம்போடு முழு டீசல் அமைப்பையும் மாற்ற வேண்டும். அமெரிக்க டீசலின் வழவழப்புத் தரம் ஐரோப்பாவைவிடக் குறைவு. தேய்மானச் சோதனையில் அங்கே 460 மைக்ரான் வரைதான் அனுமதி, இங்கே 520. டீசலையே மசகாகக் கொண்டு ஓடும் பம்புக்கு அது பெரிய வித்தியாசம். ராம் வண்டிகளும் 2019இல் இந்தப் பம்புக்கு மாறி, 2021இல் பழைய சிபி3 பம்புக்கே திரும்பின. தண்ணீர் வடிப்பதும் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும் தவிர வண்டிக்காரர் கையில் இதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

சொட்டும் வண்டி அந்த விதத்தில் தேவலை. ரிங்கையோ ஹோஸையோ மாற்றியபின் அன்றிரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்துவிட்டுப் படுப்பார்கள். காலையில் காப்பி குடிக்கும் முன் அட்டையைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பார்கள்.