தர்மத்துணி

சென்ற ரமலானில், ஏழைகளுக்கெனத் திரட்டிய பழந்துணி மூட்டைகளை நமது மத்ரஸாத் திண்ணையில் அவிழ்த்தோம். பாதிக்குமேல் கந்தல். இடையே, பொத்தான் உதிர்ந்து கைமுனை கிழிந்த ஜிப்பா ஒன்று கிடந்தது. அது நாம் கொடுத்ததே! தமக்கென ஏற்கக் கூசும் பொருளைத் தர்மத்திற்கு ஒதுக்குவதை அல்பகரா அத்தியாயம் கடிந்துரைப்பதை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுப்பவர் நாம். வெட்கித் தலைகுனிந்தோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். ஊசியும் நூலும் நம் இல்லத்திலும் இருந்தன.

ஆயினும் குற்றம் உடுத்தியவரோடு நின்றுவிடுவதில்லை. சில சலவைக்குள் நைந்துபோகும் துணியைச் செய்து விற்பவருக்கும் அதில் பங்குண்டு. பானிப்பட்டில் பழங்கம்பளியைப் பிய்த்து நூலாக்கிப் போர்வை நெய்கின்றனர். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரித்து நூலாக்குவதோ மிகக் கடினம். நெய்யும்போதே நினைக்க வேண்டியது அது. பிரான்சு 2007 முதல், பழந்துணியைத் திரட்டிப் பிரிக்கும் செலவில் ஆடை விற்போரையும் சட்டத்தால் பொறுப்பாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் பழந்துணியைத் தனியே சேகரிப்பது கட்டாயம். நம் நாட்டிற்கும் அத்தகைய சட்டம் வேண்டும்.

அதுவரை நம் மஹல்லாவில் துவைத்துத் தைத்தே கொடுப்போம். உடுத்தத் தகாததைத் தனியே கட்டிவைப்போம். உடையும் ஓர் அமானிதம். அந்த ஜிப்பாவுக்குப் பொத்தான் தைத்து, அடுத்த ஜும்ஆவிற்கு நாமே உடுத்திச் சென்றோம்.