கிளாட் இன்னொரு தடவை எழுதலாமா?

அக்கா மகளுக்கு, சட்டப் படிப்புக்கான நுழைவுத்தேர்வான கிளாட்டில் ரேங்க் வந்துவிட்டது. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. "சித்தி, ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி எழுதட்டுமா?" என்று கேட்கிறாள்.

அவளுடைய வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். பத்தி பத்தியாக ஆங்கிலம். படித்து, அதில் சொன்ன விதியைக் கொடுத்த சம்பவத்தோடு பொருத்த வேண்டும். முதல் பக்கங்களில் பென்சில் கோடுகள், ஓரத்தில் குறிப்புகள். கடைசிப் பக்கங்கள் தொடப்படவே இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு வேகம்தான் தடை, அது பழகினால் வரும். இந்தத் தேர்வைத் தமிழில் எழுத முடியாது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

வேகம் பழகினால் வரும் என்பதால் மறுபடி எழுதத்தான் சொன்னேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வேண்டாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதன்கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடட்டும், அங்கே படித்துக்கொண்டே மறுபடி எழுதலாம். கிளாட் டிசம்பரில்தான் நடக்கிறது, வயது வரம்பும் இல்லை. எங்கே படித்தாலும் பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தமிழ் வழியில் படித்து கிளாட்டில் தேறியவர்கள் நட்பு வட்டத்தில் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். அவளோடு பத்து நிமிஷம் பேசினால் போதும்.