காட்சியும் மனிதரும்

விடுமுறை வந்ததும் மனிதருக்குக் கடலும் மலையும் நினைவுக்கு வருகின்றன. இலங்கையோ காலையிற் கடலிலே கால் நனைத்தவன் மாலையில் மலையிலே போர்வை தேடக்கூடிய நாடு. ஆகவே இங்கு பயணஞ் செய்தல் எளிது. பார்த்தல் அத்துணை எளிதன்று. சென்ற விடுமுறையிலே தென்கரையிற் புறப்பட்டு ஊவா மலைகள் வழியாகப் பேராதனைக்குத் திரும்பிய மாணவர் நால்வரின் அனுபவம் இதற்குச் சான்று பகரும். அவர்களுள் இருவர் வடமராட்சியைச் சேர்ந்தோர், ஒருவன் மட்டக்களப்பான், நான்காமவன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். இரண்டு ஆண்டுகள் ஒரே விடுதியில் வாழ்ந்தும் அவனுடைய வீட்டைப் பற்றி ஏனையோர் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை.

கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் பெருமளவு தூரம் கடலை ஒட்டியே ஓடுகின்றது. காலியை 1894 இலும் மாத்தறையை 1895 இலும் எட்டிய பாதை இது. பெரலியவைக் கடக்கையில் நால்வரும் பேச்சை நிறுத்தினர். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இங்கு புகையிரதமொன்றைப் புரட்டியெறிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே காலையில் அதே கடல் வடமராட்சிக் கிழக்கிலும் மட்டக்களப்புக் கரையிலும் ஏறியது. கரைகளைப் பிரிக்கும் வேற்றுமை எதையும் அலை அறிந்திருக்கவில்லை.

காலியிலே ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றிவந்தவர்களுக்கு, அந்நகரில் 1911 இலே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு நினைவில் எழுந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409 ஆம் ஆண்டுக்குரியது. இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியிற் பொறிக்கப்பட்ட அதில், தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. தூரதேசத்திலிருந்து வந்தவன் அங்கிருப்போர் வாசிக்கக்கூடிய மொழியிலும் எழுதவேண்டுமென்று கருதியிருக்கிறான். பயணிக்கு அது நல்ல பாடம்.

கொக்கலவிலே கடலினுள் நட்ட கம்புகளின்மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவரைக் கண்டனர். படமெடுத்த மறுகணமே ஒருவர் வந்து பணம் கேட்டார். அவர்களுட் பலருக்கு இன்று மீனைவிடப் பயணிகளே வருவாய்.

"மீன் பிடிக்கிறதை விட்டிட்டுக் காசு பிடிக்கினம்" என்று வடமராட்சியான் ஒருவன் சினந்தான்.

"வெயில்ல உக்காந்திருக்கிறதும் வேலைதானே மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பையன் பணத்தைக் கொடுத்தான்.

மாத்தறையிலிருந்து பஸ்வண்டி வெல்லவாயவை அடைந்து எல்லவை நோக்கி ஏறத் தொடங்கியதும் காற்று மாறிற்று. ஒன்பது வளைவுப் பாலத்தையும், புகையிரதப் பாதை வளைந்து சென்று தன் நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தில் நுழையும் தெமோதரையையும் கண்டு வியந்தனர். அடுத்தநாட் காலை அப்புத்தளைக்கு மேலுள்ள லிப்டன் இருக்கைக்கு ஏறினர். தோமஸ் லிப்டன் 1890 இலே இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர். தம் உடைமையை அவர் இவ்விடத்திலிருந்தே நோக்குவாராம். இன்று அங்கே செல்லும் ஒவ்வொருவரும் அறியாமலே முதலாளியின் பார்வையைத்தான் இரவல் வாங்குகின்றனர். அங்கிருந்து நோக்கினால் மலை பச்சைக் கம்பளமாகவும் கொழுந்தெடுக்கும் பெண்கள் அதில் தைத்த வண்ணப் பொட்டுகளாகவும் தெரிகின்றனர். பொட்டுக்கு முதுகுவலி இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை.

இறங்கும் வழியில் அப்பொட்டுகள் மனிதராயின. வடமராட்சியான் கருவியை உயர்த்தியதும் ஒரு பெண் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பணம் கேட்கவில்லை.

"படத்த அனுப்புவீங்களா தம்பி? நெறயப் பேரு எடுத்திட்டுப் போனாங்க. ஒண்ணும் வந்ததில்ல."

அவன் விடையறியாது நின்றான். தோட்டத்துப் பையன் முன்வந்து, "இன்னைக்கு எத்தன கிலோக்கா?" என்றான்.

"பதினாலுதான். மழையில்ல, கொழுந்து கொறவு. இன்னைக்கு அரைப் பேருதான்."

ஏனைய மூவருக்கும் அது விளங்கவில்லை. தாய்மொழியிலேயே கேட்ட சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நிற்பது அவர்களுக்குப் புதிது. ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' பதிவதும், குறித்த நிறை வராவிட்டால் அது பாதியாவதும், விடியலிலே 'பிரட்டு'க்களத்திற் கூடி வேலை பிரிப்பதும் ஆகியவற்றை அவன் விளக்கினான். இறுதியில், "எங்க அம்மாவும் இதே வேலதான்" என்றான்.

கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளை ஆக்கியவர்கள் அம்மக்களின் முன்னோர். மன்னாரிலிருந்து காடுவழியே நடந்து வந்தோர் பலர் வழியிலேயே மாண்டனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இவற்றை அந்த மாணவர்கள் பரீட்சைக்காகப் படித்திருந்தனர். படித்தது தம் அறையிலே அடுத்த கட்டிலிற் படுப்பவனின் குடும்பக் கதை என்பதைத்தான் படித்திருக்கவில்லை. வெளிநாட்டுப் பயணி அப்பெண்ணைக் காட்சியாகக் கண்டால் மொழியறியான் என்று பொறுக்கலாம். தமிழ் பேசுவோன் அவ்வாறு காண்பதற்கு என்ன நியாயம் உண்டு?

அப்புத்தளையிலே ஏறிய புகையிரதம் ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவைக் கடந்து இறங்கலாயிற்று. வாயிற்படியிலே பயணிகள் படமெடுக்க நெருங்கினர். நால்வரும் உள்ளே இருந்தனர். வடமராட்சியான் ஒவ்வொரு தோட்டமாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தான். தெரிந்தவற்றை மற்றவன் சொன்னான்.

பேராதனைக்குத் திரும்பிய அன்றே படம் அச்சாயிற்று. லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமை நெடுங்காலக் குறை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வருவது வழக்கம். ஆதலால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தோட்டத்துப் பையனே அதனைக் கையிற் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவாயிற்று. தானும் உடன் வருவதாக வடமராட்சியான் சொன்னான்.